கடன் எடுத்து பொலிஷ் மெசின் வாங்குவதற்கு முன்

வவுனியாவில் இருந்து ஏ9 வீதியால் கிளிநொச்சி வரை போகிறவர்கள் வழிநெடுக வாகனம் கழுவும் நிலையங்களைக் காணலாம். ஒரு கொட்டில், ஒரு தண்ணீர்த் தாங்கி, ஒரு பிறஷர் மோட்டார் இருந்தால் தொழிலைத் தொடங்கிவிடலாம். ஆனால் கழுவுவதில் மிஞ்சுவது கொஞ்சம்தான். பக்கத்தில் இன்னொருவர் கொட்டில் போட்டால் அதுவும் பாதியாகிவிடும். ஆகவே கொஞ்சக் காலம் கழுவிப் பழகியவர்களின் கண் அடுத்ததாகப் போவது ‘கட் அன்ட் பொலிஷ்’ பக்கம். ஒரு மெசின் வாங்கினால் போதும், ஒரு நாள் வேலைக்கு பத்து வாகனம் கழுவிய காசு வரும் என்பது கணக்கு.

கணக்கில் பிழை இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களை மீண்டும் கொண்டுவர 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் பழைய வாகனங்களே கைமாறின. வாங்கிய விலையைவிட விற்ற விலை கூடியது. வழி திறந்த பின்னரும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய வாகனம் பெரும்பாலானோருக்கு எட்டாத உயரத்தில்தான் நிற்கிறது. இருக்கிற வாகனத்தைப் பளபளப்பாக வைத்திருக்க வேண்டிய தேவை கூடியிருக்கிறது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 2009 இல் உழவு இயந்திரம், வான், மோட்டார் சைக்கிள் என்று இடம்பெயர்ந்த இடமெல்லாம் இழுத்துக்கொண்டு போனவற்றை முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு, வெறுங்கையோடு வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவர்கள் இங்குள்ள சனம். எரிந்தும் துருப்பிடித்தும் குவிந்து கிடந்த அந்த வாகனங்களுக்குள் தன்னுடையதைத் தேடிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். இன்று முற்றத்தில் நிற்கிற ஓட்டோவோ பட்டாவோ அதற்குப் பிறகு லீசிங்கில் எடுத்து, மாதாமாதம் கட்டி முடித்தது; அல்லது இன்னும் கட்டிக்கொண்டிருப்பது. அதன் பெயின்றை இன்னொருவர் கையில் நம்பிக் கொடுக்கிறார்கள். மெசினைப் பிடிக்கிறவரும் அநேகமாகக் கடன்பட்டுத்தான் அதை வாங்கியிருப்பார். ஒரு கதவின் பெயின்ற் எரிந்தால் இரண்டு குடும்பங்களுக்கு நட்டம்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் மெசினாக ரோட்டரியை வாங்காதீர்கள். கடைக்காரர் எவ்வளவு விலை குறைத்துச் சொன்னாலும் வாங்காதீர்கள். டூவல் அக்ஷன் என்கிற இரட்டை அசைவு மெசின்தான் பழகுகிறவருக்கு ஏற்றது. ஏன் என்று விளங்க, பெயின்ற் எவ்வளவு மெல்லியது என்று பார்க்க வேண்டும்.

கொப்பித் தாளின் பாதித் தடிப்பு

தொழிற்சாலையில் இருந்து வந்த காரின் தகட்டின் மேல் பிறைமர், நிறம், அதற்கு மேல் நிறமில்லாத கிளியர் கோட் என்று பல படைகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்குரோன்தான் வரும். ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்குரோன். பிள்ளைகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் தடிப்பு ஏறக்குறைய 100 மைக்குரோன் இருக்கும். கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்குரோன். அதாவது தாளின் பாதி.

பொலிஷ் செய்வது கீறலை நிரப்பும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். கீறலைச் சுற்றியிருக்கிற கிளியரைத் தேய்த்து, கீறலின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் நடக்கிறது. ‘கட்’ என்ற சொல் அதனால்தான் வந்தது. ஒவ்வொரு முறை கொம்பவுண்ட் போட்டு அடிக்கும்போதும் சில மைக்குரோன்கள் போய்விடும், திரும்பி வராது. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுப்பதும் இந்தக் கிளியர்தான். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற அளவுக்கு மெலிந்துபோன கிளியர், மரநிழல்கூட இல்லாத நம் வீதிகளில் சில காலத்தில் வெளிறி உரியத் தொடங்கும். அதற்குப் பிறகு பொலிஷ் உதவாது, பெயின்ற் பாஸிடம்தான் போக வேண்டும்.

விரல் நகத்தில் தட்டுப்படுகிற கீறலை பொலிஷ் எடுக்காது. எடுக்க முயன்றால் கிளியர் முழுவதும் போகும். ‘முழுக்க எடுத்துத் தாங்கோ தம்பி’ என்று வாடிக்கையாளர் கேட்டாலும் ‘ஏலாது அண்ணை’ என்று சொல்லப் பழக வேண்டிய இடம் இது.

பழைய வாகனங்களில் இன்னொரு சிக்கல். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களுக்குக் கிளியர் என்று ஒன்றே இல்லை, நிறம்தான் மேற்படை. அந்தக் கார்களை இப்போது கலியாண வீடுகளில்தான் காணலாம். ஆனால் ஊரில் மறுபெயின்ற் அடித்த வான்களும் பட்டாக்களும் பல அதே வகைதான். வெளியில் தெரியாத ஒரு மூலையில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பொலிஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வாகனத்தின் நிறம் ஒட்டினால் கிளியர் இல்லை என்று அர்த்தம். கறுப்புத் துணி வைத்திருந்தால் வெள்ளை வாகனத்துக்கும் இதைச் செய்யலாம்.

எது எப்படி வேலை செய்கிறது

முதலில் கழித்துவிட வேண்டியது கிரைண்டரை. இரும்பு வெட்டுகிற சின்னக் கிரைண்டரில் பொலிஷ் ஸ்பொஞ்சைப் பூட்டி அடிக்கிற வழக்கம் சில கராஜ்களில் உண்டு. அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று ஓடும். பொலிஷ் வேலைக்குத் தேவை 600 முதல் 2,000 வரைதான். வேகத்தைக் குறைக்க முடியாத கிரைண்டர் பெயின்றையும் எரிக்கும், ஸ்பொஞ்சைப் பிய்த்து முகத்திலும் எறியும். பத்து அங்குல அகலத்தில், துணித் தொப்பி போட்டு, மலிவாக விற்கிற வக்ஸ் பூசும் மெசினும் வேண்டாம். அது வக்ஸ் மட்டும்தான் பூசும், கீறலை எடுக்காது.

ரோட்டரியில் தட்டு ஒரே மையத்தில், ஒரே திசையில் சுற்றும். மோட்டரின் முழுப் பலமும் பெயின்றில் இறங்கும். வேகமாக வெட்டும், அதேயளவு வேகமாகச் சூடேறும். பொனற்றின் விளிம்பிலோ கதவின் மடிப்பிலோ, பெயின்ற் இயல்பாகவே மெல்லியதாக இருக்கிற இடத்தில், ஓரிரு செக்கன் கூடுதலாக நின்றால் போதும். அப்படி எரியாவிட்டாலும், பழக்கமில்லாத கை விட்டுச்செல்கிற வட்ட வட்டமான நிழல்கள் வெயிலில் தெரியும். கொட்டிலுக்குள் பளபளத்த கறுப்புக் கார், வெளியே எடுத்ததும் சிலந்தி வலை போர்த்த மாதிரி நிற்பது இதனால்தான். ரோட்டரி கெட்ட மெசின் என்று சொல்லவில்லை. இருபது வருடம் அதைப் பிடித்த பெயின்ற் பாஸ் ஒருவர் அதில் செய்கிற வேலையை வேறு எதிலும் செய்ய முடியாது. அந்த இருபது வருடத்தை வாடிக்கையாளரின் கதவில் பழக முடியாது என்பதுதான் விடயம்.

டூவல் அக்ஷனில் தட்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, ஒரு சின்ன வட்டத்திலும் அலைந்து திரியும். பூமி தன்னைச் சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுவது போல. ஒரே புள்ளியில் தொடர்ந்து உரசாதபடியால் சூடு பரவிவிடும், வட்ட நிழல் விழுவது அரிது. இன்னொரு நல்ல குணம், தட்டு சுதந்திரமாகச் சுற்றுவதால், கூட அழுத்தினாலோ சரித்துப் பிடித்தாலோ சுற்றுவது நின்றுவிடும். அதாவது பிழை விட்டால் மெசின் வேலையை நிறுத்தும், பெயின்றை எரிக்காது. இப்படி நிற்பதைக் குறை என்று சொல்லி ரோட்டரியை விற்பவர்கள் உண்டு. பழகுகிறவருக்கு அது காப்பு.

அலையும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீற்றரில் எழுதியிருப்பார்கள். 8, 15, 21 என்று வரும். நீண்ட அலைவை உலகமெங்கும் பிரபலமாக்கியது இத்தாலியின் ரூபெஸ் நிறுவனம். இன்று சீனாவில் செய்கிற மெசின்களும் அதே அளவுகளில் வருகின்றன. 21 பெரிய, தட்டையான பரப்புக்கு நல்லது. ஹயஸ் வானின் பக்கத்தை அதில் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆனால் நம்மிடம் வருகிறவை கூடுதலாக ஆல்டோ, வகன் ஆர், ஓட்டோ. வளைவும் மடிப்பும் நிறைந்த அவற்றில் 21 அடிக்கடி நின்றுபோகும். என் தெரிவு 15 மில்லிமீற்றர், ஐந்து அங்குலத் தட்டு, 700 வாற்ஸுக்குக் குறையாத மோட்டர். மலிவான மெசின்களில் பெட்டியில் எழுதியிருக்கிற வாற்ஸை முழுமையாக நம்ப முடியாது, ஆகவே கொஞ்சம் கூட்டியே பாருங்கள். பற்சில்லால் கட்டாயமாகச் சுற்றவைக்கும் டூவல் அக்ஷனும் உண்டு. ஜேர்மனியின் பிளெக்ஸ் நிறுவனத்தின் 3401 அந்த வகை. நன்றாக வெட்டும், நின்றுபோகாது, ஆனால் கையில் அதிர்வும் பெயின்றில் சூடும் கூட. அது இரண்டாவது மெசின்.

கையில் எடுத்துப் பாருங்கள்

பாரத்தைப் பற்றிக் கடைகளில் யாரும் பேசுவதில்லை. நம் இடத்தில் அதைப் பேசியே ஆக வேண்டும். மகிட்டாவின் 9237 போன்ற ரோட்டரி மூன்று கிலோ வரும். 15 மில்லிமீற்றர் டூவல் அக்ஷன் இரண்டரைக் கிலோவுக்கு அருகில். அரைக் கிலோ வித்தியாசம்தானே என்று தோன்றும். கதவின் பக்கத்தில், கையை நீட்டி, நான்கு மணித்தியாலம் பிடித்துப் பார்த்தால் தெரியும். தோளிலோ முதுகிலோ இன்னும் சன்னம் இருக்கிறவர்கள், ஒரு கை பலமில்லாதவர்கள் சுயதொழிலாக இதைத் தெரிவுசெய்ய முன்னர், தெரிந்த ஒருவரின் மெசினை வாங்கி அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். இதில் பாரத்தைவிட அதிர்வுதான் எதிரி. விரல் மரத்துப்போனால் அது எச்சரிக்கை. மூன்று அங்குலச் சின்ன மெசின் பாரம் குறைவு. ஓட்டோ, மோட்டார் சைக்கிள் தாங்கி, முன்விளக்கு ஆகியவற்றோடு மட்டும் தொழிலை வைத்துக்கொள்ள அது போதும். கதிரையில் இருந்துகொண்டே செய்யக்கூடிய வேலைகள் அவை.

முன்விளக்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய ஜப்பான் கார்களின் பிளாஸ்ரிக் விளக்கு மஞ்சளாகிப் புகைபிடித்துக் கிடக்கும். 1,000, 2,000, 3,000 இலக்க நீர்த்தாளால் வரிசையாகத் தேய்த்துவிட்டு பொலிஷ் செய்தால் கண்ணாடி போல வரும். செலவு குறைவு, நேரம் குறைவு, வித்தியாசம் உடனே தெரியும். ஆனால் அதன் மேல் புறஊதாக் காப்புப் பூச்சு போடாமல் விட்டால் சில மாதத்திலேயே மறுபடி மஞ்சளாகும். அதைச் சொல்லாமல் காசு வாங்குகிறவரிடம் இரண்டாம் முறை யாரும் வரமாட்டார்கள்.

கடையில் மெசினைப் பார்க்கும்போது தட்டின் ஓரத்தில் கறுப்பு மாக்கரால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஸ்பொஞ்சைப் பூட்டி, ஒரு தட்டையான பரப்பில் வைத்து ஓடவிடுங்கள். மிதமாக அழுத்தும்போது கோடு மெதுவாகச் சுற்றுவது தெரிய வேண்டும். தொட்டதும் நின்றுவிட்டால் மோட்டரில் பலம் இல்லை. ஆளியைப் போட்டதும் துள்ளிப் பாயாமல் மெல்ல வேகமெடுக்கிறதா, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சில்லு எல்லா இலக்கத்திலும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். காபன் பிறஷ், கீழ்த் தட்டு, ஆமேச்சர் ஆகியவை தனியே கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்த மெசின் ஒரு முறை பாவித்து எறிகிற சாமான். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மின்கருவிக் கடைகளில் இல்லாதது கொழும்பில் புறக்கோட்டையிலும் பஞ்சிகாவத்தையிலும் இருக்கும், ஆனால் உத்தரவாதத்துக்காகத் திரும்பவும் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியிருக்கும் என்பதை விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

கனடாவில் இருந்து வரும் பெட்டி

‘மச்சான் அங்கே இருந்து அனுப்புகிறான்’ என்பது இங்கே அடிக்கடி கேட்கிற பேச்சு. நல்ல மனதோடு அனுப்புகிறார்கள். ஆனால் கனடாவிலும் அமெரிக்காவிலும் மின்சாரம் 120 வோல்ற்று. இங்கே 230. அங்கிருந்து வந்த மெசினை நேரே பொருத்தினால் ஒரு நிமிடத்துக்குள் புகைந்துவிடும். 120 ஆகக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வாங்கலாம், ஆனால் 900 வாற்ஸ் மெசினுக்கு 1,500 வாற்ஸ் அளவாவது வேண்டும். அது பாரமும் விலையும் கூடிய சாமான். சேவர் சார்ஜ் செய்கிற சின்ன மாற்றியில் கொடுத்தால் இரண்டும் போகும். 60 ஹேர்ட்ஸ், 50 ஹேர்ட்ஸ் வித்தியாசத்தைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. காபன் பிறஷ் உள்ள மோட்டர் இரண்டிலும் ஓடும்.

திருகும் பிரச்சினைதான். வட அமெரிக்க ரோட்டரிகளின் தண்டு பெரும்பாலும் 5/8 அங்குலத் திருகு. இங்கே விற்கிற ரோட்டரித் தட்டுகள் எம்14. ஒன்று மற்றதில் ஏறாது, பலவந்தமாக ஏற்றினால் ஓடும்போது கழன்று பறக்கும். அனுப்பச் சொல்வதானால் லண்டனில், பிரான்சில், ஜேர்மனியில், சுவிஸில் உள்ளவர்களிடம் சொல்லுங்கள். மின்னழுத்தம் சரியாக இருக்கும். லண்டன் பிளக் நம் 13 அம்பியர் சதுரத் துளையில் அப்படியே பொருந்தும். ஐரோப்பாவின் உருண்டைப் பிளக்கை, பேனை மூடியால் மேல் துளையை நெம்பிச் சொருகுகிற பழக்கத்தை விட்டுவிட்டு, பிளக்கையே மாற்றிவிடுங்கள்.

சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனத்துக்கு மின்சாரம் இல்லாமல் சமாளிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டியபோதும் சமாளித்தோம். 900 வாற்ஸ் டூவல் அக்ஷனை 2 கேவிஏ ஜெனரேற்றர் தாராளமாகத் தாங்கும். பயப்பட வேண்டியது தண்ணீரும் மின்சாரமும் ஒரே தரையில் இருப்பதற்கு. கழுவுகிற இடத்திலேயே பொலிஷ் செய்யாதீர்கள். ஈரத்தில் கிடக்கிற ஒட்டுப்போட்ட வயர், ட்ரிப் சுவிட்ச் இல்லாத தற்காலிக இணைப்பு, வெறுங்கால் மூன்றும் சேர்ந்தால் உயிர் போகும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சைப் பொருத்துங்கள், அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வயர் ஒட்டில்லாத ஒரே துண்டாக இருக்கட்டும்.

மெசின் பாதிக் காசுதான்

கையில் இருக்கிற காசு முழுவதையும் மெசினில் போடுகிறவர்கள் பிறகு ஒரேயொரு ஸ்பொஞ்சோடு நிற்கிறார்கள். ஒரு காருக்கே மூன்று நான்கு ஸ்பொஞ்ச் வேண்டும், ஊறிச் சூடேறிய ஸ்பொஞ்ச் வெட்டாது. வெட்டுவதற்கு ஒரு கொம்பவுண்ட், முடிப்பதற்கு ஒரு மெல்லிய பொலிஷ், பத்துப் பன்னிரண்டு மைக்குரோபைபர் துணி, விளிம்புகளை மூட ரேப், கீறலைக் காட்டும் நல்ல ரோச், பெயின்றின் தடிப்பை அளக்கும் மீற்றர். மீற்றரை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். ஒரு பக்கம் 120 காட்டி, இன்னொரு பக்கம் 300 காட்டினால் அந்தக் கதவு எப்போதோ அடிபட்டு மறுபெயின்ற் கண்டது. 80க்குக் கீழே காட்டினால் முன்னரே யாரோ தேய்த்துவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம். அங்கே வெட்டுக் கொம்பவுண்டைத் தொடாதீர்கள். பிளாஸ்ரிக் பம்பரில் இந்த மீற்றர் வேலை செய்யாது. கொம்பவுண்ட் வாங்கும்போது கீறலை எண்ணெய்ப் பசையால் மறைக்கிற வகையை ஒதுக்குங்கள். இரண்டு கழுவலில் கீறல் திரும்பி வரும்.

நம் தண்ணீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். வவுனியா, கிளிநொச்சிக் கிணறுகள் பலவற்றில் கல்சியம் கூடிய கடினநீர். கழுவிவிட்டு வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் பொட்டு விழும். அதை எடுக்கத்தான் பாதிப் பேர் பொலிஷ் கேட்டு வருகிறார்கள். வினாகிரியில் நனைத்த துணியைக் கொஞ்சநேரம் வைத்துக் கழுவினாலே புதிய பொட்டுகள் பல போய்விடும். கிரவல் வீதித் தூசியைக் கழுவி, களித்துண்டால் உருவி எடுக்காமல் மெசினை வைத்தால் அந்த மண்ணே நீர்த்தாளாக மாறும்.

கடனைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. நுண்கடன் என்ன செய்யும் என்று வன்னிப் பெண்களுக்குத் தெரியும். 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்கும் நிலை வந்தது. கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடனில் இந்த மெசினை எடுக்காதீர்கள். பொலிஷ் வேலை கிழமைக்குக் கிழமை வராது. மாரியில் மாதக்கணக்கில் குறைந்துபோகும். கூட்டுறவுச் சங்கக் கடன், அல்லது இரண்டு பேர் சேர்ந்து ஒரு மெசின் என்பது மெதுவான வழி, ஆனால் நித்திரை வரும். முறையாகப் பழக விரும்புகிற இளைஞர்களுக்கு, 2016 இல் அறிவியல் நகரில் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் மோட்டார் வாகனத் துறைப் பயிற்சி இருக்கிறது. அங்கே போய் விசாரியுங்கள்.

மெசின் வந்த அன்றே வாடிக்கையாளரின் வாகனத்தைத் தொட வேண்டாம். பழைய இரும்புக் கடையில் கிளியர் உள்ள ஒரு பொனற்றை எடையில் வாங்கலாம். அதை நிழலில், காலையில், தகடு குளிர்ந்திருக்கும்போது சோதியுங்கள். இரண்டு சாண் அகலச் சதுரமாகப் பிரித்து, ஸ்பொஞ்சில் மூன்று நான்கு துளி பொலிஷ் போட்டு, வைத்த பிறகு ஆளியைப் போட்டு, செக்கனுக்கு ஒரு அங்குலம் நகர்கிற வேகத்தில், குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து முறை போங்கள். துடைத்து, ரோச் அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் தகட்டைப் புறங்கையால் தொடுங்கள், கையை வைத்திருக்க முடியாத சூடு கூடாது. இப்படி அந்தப் பொனற் முழுவதையும் முடித்த பிறகு, அதன் விளிம்பில் ஒரு இடத்தில், வேண்டுமென்றே அழுத்தி, ஸ்பொஞ்சில் நிறம் வரும்வரை பிடித்துப் பாருங்கள். எத்தனை செக்கனில் வந்தது என்று எண்ணி, அதைக் கொட்டில் சுவரில் எழுதி வையுங்கள்.